சும்மா இருக்காத கால்கள்

என் மனைவிக்குக் கால்கள் சும்மா இருக்காது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் இருவரும் சேர்ந்துதான் நெய்கிறோம். அவள் மிதியை மிதித்துச் சேலையின் உடலை நெய்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூலோடும் நாடாவைத் தள்ளுவேன். மற்ற வீடுகளில் இது தலைகீழ். அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்யாத ஆள் தெருவில் இல்லை. தறியை விட்டு எழுந்த பிறகும், சாப்பிடும்போதும், டிவி பார்க்கும்போதும் அவள் பாதங்கள் மாறி மாறித் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். “கால கொஞ்சம் சும்மா வெச்சிக்கினு இருமா” என்று எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

போன வருடம் அவள் கழுத்தில் நெறி கட்டியது. புற்றுநோய் என்றார்கள். சென்னையில் பெட் ஸ்கேன் எடுத்தோம். லேசான கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். உடம்பில் எது அதிகப் பசியோடு அதைத் தின்கிறதோ, அது படத்தில் ஒளிர்கிறது. அவளுக்குக் கழுத்தும் மார்பும் ஒளிர்ந்தன. பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த நாட்களில் அவள் கால்கள் அசையவே இல்லை. என்னால் தாங்க முடியாதது அதுதான்.

மருந்தெல்லாம் முடிந்ததும், நோய் போய்விட்டதா என்று பார்க்க மறுபடியும் அதே ஸ்கேன். ஊசி போட்டு, தனி அறையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் பேசக் கூடாது, நடக்கக் கூடாது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் இருக்கும் அத்தனை சாமிக்கும் வேண்டிக்கொண்டேன். ஒருவரை விட்டுவிட்டால்கூடக் கோபித்துக்கொள்வாரே என்ற பயம் வேறு.

படம் எடுத்து முடித்ததும் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார்.

“ஊசி போட்டப்புறம் எங்கயாவது நடந்தீங்களாம்மா?”

“இல்லீங்க. சொன்ன மாதிரி நாற்காலியிலயே உக்காந்துக்கினு இருந்தேன்.”

திரையில் அவளுடைய இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே பளிச்சென்று இருந்தன. நோய் காலுக்கு இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். திரையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன். மேசைக்கு அடியில் அவள் பாதங்கள் மாறி மாறித் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

“அந்த ரூம்லயும் இதத்தான் பண்ணியா?” என்றேன்.

“பின்ன, சும்மா உக்காந்து என்ன பண்றதாம்? தறியில பாதியில நிக்குதே, அந்தச் சேல முந்தானைய மனசுலயே நெய்துக்கினு இருந்தேன்.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். உழைத்த தசை சர்க்கரையைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். கழுத்தைக் காட்டினார், மார்பைக் காட்டினார். இரண்டிலும் போன முறை பார்த்த ஒளி இல்லை.

“நோய் இருக்குற அடையாளமே இல்லம்மா.”

நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அன்று முழுக்கக் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கம் நெருங்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஆளில்லாத பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தோம். பூந்தமல்லி தாண்டுவதற்குள் அவள் கால்கள் தொடங்கிவிட்டன. வழியில் ஏறி எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்த ஆள் திரும்பித் திரும்பி முறைத்தார். கடைசியில் என்னிடமே கேட்டுவிட்டார்.

“சீட்ட உதைச்சிக்கினே வர்றாங்க. கால கொஞ்சம் சும்மா வெச்சிக்கச் சொல்லுபா.”

“முடியாதுபா,” என்றேன். “அவ நெய்துக்கினு இருக்கா.”