உயிரோடு இருப்பவருக்கு ஓர் ஆணி

எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் இடம் வேண்டுமென்றால் ஒன்று சாமியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செத்துப் போயிருக்க வேண்டும். கல்யாணக் கோலத்தில் ஜோடியாக நின்றவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, அதுவும் மூலையில். உயிரோடு இருக்கிற ஒருவரைத் தனியாகப் பிரேம் போட்டு மாட்டினால் அவருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் சொல்வார்கள். எனக்கோ நான் எடுத்த படம் ஒன்றாவது அந்தச் சுவரில் ஏற வேண்டும் என்று ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வெறி என்றுதான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் சொந்த லாரியில் நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போகிறவர். வழியில் நிறுத்தி முகம் பார்த்துப் பேசலாம் என்று எனக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தார். முகம் பார்த்துப் பேசியது கொஞ்ச நாள்தான். அதற்குள் அந்த போனின் கேமராவும் நானும் ஒட்டிக்கொண்டுவிட்டோம். கழுவிக் கவிழ்த்த சோற்றுப் பானையில் ஜன்னல் வளைந்து தெரிந்ததை ஒரு காலையில் எடுத்தேன். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கும்போது எழும்பும் ஆவி, கோழிப்பண்ணை வலையில் சிக்கி ஆடுகிற இறகு, சேந்தமங்கலம் போகிற வழியில் ஜவ்வரிசி மில் களத்தில் காய்வதைப் பெண்கள் காலால் கிளறிக் கிளறிப் போட்ட வரிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன்.

படம் எடுக்கிறவர்கள் ஏற்காட்டுக்குப் பனி எடுக்கப் போவார்கள், கொல்லிமலைக்கு அருவி எடுக்கப் போவார்கள். எனக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? பருப்பு வேகிற நேரம் என்னுடையது. துணி துவைக்கிற கல் மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிற நேரம் என்னுடையது. இருபது வருஷமாக அந்தக் கல்லில் துவைத்திருக்கிறேன், ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை. போனைத் தூக்கிப் பிடித்த பிறகுதான், ஈரம் காயக் காய அந்தக் கல் நிறம் மாறுவதே எனக்குத் தெரிந்தது. இதைச் சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது என்பதால் சொல்லாமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கும் விமர்சனம் வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிறார். நாத்தனாரை நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். கால் உடைந்த ஸ்டூலின் நிழலை நான் ஸ்டேட்டஸில் போட்ட அன்று நங்கையா போன் செய்து, அதை விற்கப் போகிறாயா என்று கேட்டார். விற்பதாக இருந்தால் தன் வீட்டு ஸ்டூலையும் சேர்த்து விற்றுத் தரச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

எடுத்ததிலேயே எனக்குப் பிடிபடாமல் இருந்தது என் வீட்டுக்காரரின் முகம்தான். போனைக் கண்டால் மனிதர் சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையைச் சீவி, நெஞ்சை நிமிர்த்தி ஆர்.டி.ஓ. ஆபீஸ் லைசென்ஸ் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றுவிடுவார். அவர் குடும்பமே அப்படித்தான். சுவரில் இருந்த என் மாமனார் படம் ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கியது. யாரோ மிரட்டி உட்கார வைத்தது போல இருப்பார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். எனக்குத் தெரிந்த மாமனார் அந்த மிரண்ட மனிதர்தான்.

ஒரு நாள் காலையில் பண்ணையில் முட்டை லோடு ஏறிக்கொண்டிருந்தது. நான் டிபன் கொண்டு போயிருந்தேன். லாரிக்குள் ஆள் உயரத்துக்கு முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தார்கள். இரண்டு அடுக்குக்கு நடுவே அவர் நின்றிருந்தார். லோடு ஏற்றுகிறவர்களில் ஒருவர் ஏதோ கிண்டல் செய்ய, இவர் ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார். வாய் வலது பக்கம் கோணிக்கொண்டது, ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. அடுக்கின் இடைவெளியில் நுழைந்த வெயில் அந்தப் பாதி முகத்தில் மட்டும் விழுந்தது. டிபன் தூக்கைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை, எடுத்துவிட்டேன். அன்று முழுக்க அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். நான் எடுத்ததுதானா என்று எனக்கே சந்தேகம். சுவரில் ஏறுவதென்றால் இதுதான் ஏற வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க சேலம் அம்மாபேட்டைக்குப் போனபோது, அங்கேயே ஒரு ஸ்டூடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாகப் போடக் கொடுத்தேன். அங்கிருந்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தோற்றம், மறைவு ரெண்டு தேதியும் சொல்லுங்கக்கா. கீழ அழகா போட்டுத் தர்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் சேலைப் பையால் அடித்திருப்பேன். படத்தில் இருப்பவர் பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றிப் போயிருக்கிறார் என்றேன். அந்த மனிதர் பாவம், வெலவெலத்துப் போய்விட்டார். ஆனாலும் விடவில்லை. முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் நீலத் திரை வைத்து, முட்டையை எடுத்துவிட்டுக் கோட்டு மாட்டிவிடலாம் என்றார். ஒரு புள்ளியைத் தொட்டாலும் வாங்க மாட்டேன் என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து, பிரேம் போட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் அன்று கேரளாவில் இருந்தார். வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தேன். சுவரில் காலியாக இருந்தது மாமனார் படத்துக்குப் பக்கத்தில் காலண்டர் தொங்கிய ஆணி ஒன்றுதான். காலண்டரைச் சமையலறைக்கு அனுப்பினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று காலையில் தலைக்குக் குளித்து, எல்லாப் படத்தையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கு ஒரு துண்டு பூப் போடுவது என் வழக்கம். சாமியில் தொடங்கி மாமியார், மாமனார் என்று வரிசையாகப் போவேன். கை அதுபாட்டுக்குச் செய்யும். மனசு அன்று பின்வாசலில் இருந்தது. கொடியில் உலர்த்திய வெள்ளை வேட்டி வழியாக வெயில் இறங்கும் நேரம் அது. அவசரமாகப் பூ வைத்துவிட்டு, நடுவில் யாரும் கூப்பிடக் கூடாதென்று போனைச் சைலண்டில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நான் பின்னால் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் உறைமோர் வாங்க வந்திருக்கிறார். முன்கதவு திறந்திருந்தது. உள்ளே பார்த்தால், மாமனாருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், நெற்றியில் குங்குமம், மேலே கதம்பம். கை மாமனாரோடு நிற்காமல் அடுத்த ஆணிக்கும் போயிருக்கிறது. அந்த அம்மாள் கிண்ணத்தோடு அப்படியே திரும்பிப் போய், எப்போது நடந்தது என்று என்னிடம் கேட்க மனசு வராமல் நங்கையாவுக்குப் போன் செய்து கேட்டுவிட்டார்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வேட்டியைப் படம் எடுத்து முடித்து, சமையலில் இறங்கி, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. நங்கையா தலைவிரி கோலமாக இறங்கினார். பின்னால் அவர் வீட்டார் மாலையோடு இறங்கினார்கள்.

"எஞ்சாமி, இப்புடி எங்கள உட்டுட்டுப் போயிட்டயே" என்று நங்கையா மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. மாலையைப் பார்த்ததும் எனக்கு வேறு மாதிரிதான் தோன்றியது. இவர்களுக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது, எனக்குத்தான் இன்னும் வரவில்லை என்று நினைத்தேன். போனை எடுத்தால் நங்கையாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. என் வீட்டுக்காரர் எண்ணுக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். முட்டை இறக்குகிற கடைக்கு அடித்தேன். விடிகாலையிலேயே கிளம்பிவிட்டாரே என்றார்கள். யார் சொன்னது, எங்கே ஆச்சு என்று நங்கையாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சுவரைக் காட்டினார்.

நான் அப்போதுதான் அந்தப் பூவைப் பார்த்தேன். நான் வைத்த பூதான் என்று விளங்கியது. ஆனாலும் பயம் போகவில்லை. சுவிட்ச் ஆஃப் ஆன போன் சுவிட்ச் ஆஃபாகவே இருந்தது. பூ வைத்த கையை வெட்டிப் போடலாம் என்றிருந்தது. நானும் நங்கையாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு, சாலைத் திருப்பத்தில் எங்கள் லாரியின் ஹாரன் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன். எழுந்து ஓடினேன். தெருவில் அப்படி நான் ஓடியதே இல்லை.

காலி அட்டைகளோடு வந்தவர், வாசலில் கூட்டத்தைப் பார்த்து வெளிறிப்போய் இறங்கினார்.

"ஏனுங்கக்கா அழுவறீங்க? யாருக்கு என்னாச்சுங்க?"

போனில் சார்ஜ் இல்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். நங்கையா அவர் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். அந்தப் படத்தைக் கழற்றிக் கிணற்றில் போடு, இந்த போன் வந்ததிலிருந்தே உனக்குப் புத்தி சரியில்லை, இனி இந்த வீட்டில் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று பொரிந்தார். தப்பு பூவில்தான், படத்தில் இல்லை என்று நானும் விடாமல் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே போனார். லாரி ஓட்டுகிறவர், ஆகும் ஆகாது என்பதெல்லாம் பார்க்கிறவர். படத்தில் தன் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் பயம் வராது? படத்தைக் கழற்றினார். கிணற்றுக்குத்தான் கொண்டு போகிறார் என்று நினைத்தேன். பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தோள் துண்டால் கண்ணாடியிலிருந்த பொட்டை அழுத்தித் துடைத்தார். துடைத்த இடத்தில் முகம் பளிச்சென்று வந்தது. வெயில், முட்டை, கோணிய வாய், பாதி மூடிய கண் எல்லாம் தெரிந்தது.

நங்கையா திட்டிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"நம்ம அப்பாடா இது" என்றார் தம்பியிடம். "இப்புடித்தான் சிரிப்பாரு. ஒரு கண்ண மூடிக்கிட்டு, வாயக் கோணிக்கிட்டு."

அவர் சுவரில் மிரண்டு உட்கார்ந்திருந்த தன் அப்பாவைப் பார்த்தார், மறுபடி இந்தப் படத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவரைவிட அதிக நேரம் பார்த்தார். தான் சிரிக்கும்போது எப்படி இருப்போம் என்று அந்த மனிதருக்கு அதுவரை தெரியாது. அப்பாவின் சிரிப்பு தன்னிடம் இருப்பதும் தெரியாது. கழுதை வயசாகியும் அவருக்குக் கண் கலங்கியது.

பிறகு லாரியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தார். இறந்தவர்கள் வரிசையை விட்டு, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் புது ஆணி அடித்து மாட்டினார். கோணலாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அன்று நான் ஜெயித்தேன்.

நங்கையா காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். கார் வரை போனவர் திரும்பி வந்து, எதிர்ச் சுவரை இன்னொரு முறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு சாமி, எங்கூட்டுல மாட்டோணும். அப்பாவத்தான் சிரிக்கறப்பப் பாத்து வெக்காம உட்டுட்டோம். இவன உசுரோட இருக்கறப்பவே பாத்துக்கறேன்."