கம்பத்துக்காரி

திண்டுக்கல்லுக்குக் குடிவந்த புதிதில், ஒருநாள் காலை குழாயடியில் நின்றிருந்த பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்காவிடம், நம் வழக்கப்படி, "பசியாறியாச்சாக்கா?" என்று கேட்டேன். குடம் நிரம்பி வழிவதையும் கவனிக்காமல் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றிப் பொட்டைப் பார்த்தார், கழுத்துத் தாலியைப் பார்த்தார். "நீ பாய் வீட்டுப் பொண்ணா? பசியாறியாச்சான்னு அவுகதான கேப்பாக?" என்றார். எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டை எல்லாருமே அப்படித்தான் சொல்வோம் என்றேன். "அப்புடியா?" என்றார். அதில் நம்பிக்கை துளியும் இல்லை. மறுநாள் அவர் முறை. "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டார். என் காதில் அது வெஞ்சினம் என்று விழுந்தது. "எனக்கு யார்மேலயும் கோபம் இல்லக்கா" என்றேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன செய்தாய் என்றுதான் அவர் கேட்டார் என்பது மாலையில் என் கணவர் செந்தில் விழுந்து விழுந்து சிரித்தபிறகே தெரிந்தது. மலேசியாவில், ஈப்போவிலும் கிள்ளானிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களே, தமிழ் தெரிந்தால் இந்த ஊரில் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தமிழ் தெரிந்ததால்தான் இத்தனை வம்பும்.

செந்தில் பேராக்கில் ஒரு தொழிற்சாலையில் மின்பணியாளராக இருந்தபோது பழக்கம். கல்யாணமாகி இரண்டு வருடம் அங்கேயே இருந்தோம். அவருடைய அப்பா இறந்ததும், தாடிக்கொம்புப் பக்கம் பூத்தோட்டத்தோடு தனியாக நின்ற அம்மாவைப் பார்க்க ஆளில்லை என்று இங்கே திரும்பினோம். நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு வீடு. நான்கு குடும்பம், ஒரு குழாய், பொதுவாக ஒரு மொட்டை மாடி. செந்தில் காலையில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய்விடுவார். நான் உடனே கேட்டை உள்பக்கமாகப் பூட்டிவிடுவேன். நமக்கு அது பழக்கம். இரும்புக் கம்பிக் கதவு, அதற்கொரு பூட்டு, அதற்குப் பின்னால் மரக்கதவு என்று வளர்ந்தவள் நான். கைப்பையை ரோட்டுப் பக்கம் மாட்டாதே, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சுவரோடு ஒண்டு என்று சொல்லிச் சொல்லியே அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். பூட்டுக்குப் பேர்போன ஊரில் பட்டப்பகலில் யாரும் கேட்டைப் பூட்டுவதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? மற்ற மூன்று வீட்டாரும் வெளியே நின்று இரும்பைத் தட்டுவார்கள். நான் சாவியோடு ஓடிப்போய்த் திறக்கும்போது, இவள் உள்ளே என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறாள் என்கிற பார்வையோடு நுழைவார்கள்.

ஒளித்து வைக்க என்னிடம் இருந்ததெல்லாம் நூல். மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது என்று கேட்டவர்களிடம் சொல்லியும் இருந்தேன். பள்ளியில் 'கெமாஹிரான் ஹீடோப்' என்று வாழ்க்கைத் திறன் பாடம் இருந்தது நினைவிருக்கும். அந்த வகுப்பில் பிடித்த குரோஷா ஊசியை நான் கீழே வைத்ததே இல்லை. கையில் கிடைத்த எதையும் இன்னொன்றாக மாற்றாமல் இருக்க முடியாது. சின்னாளப்பட்டிச் சேலையின் கிழிந்த கரையில் தலையணை உறைக்கு ஓரம், அரிசிப் பையில் செடித்தொட்டி, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. "நான் செத்த நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் ஒரு உறை போட்ருவ போல" என்பார் செந்தில். வேலை இல்லாத மத்தியானங்களில் கை பின்னிக்கொண்டிருக்க, மனம் வேண்டாததையெல்லாம் யோசிக்கும். பால்காரர் ஏன் எங்கள் வீட்டில் மட்டும் 'சார் எப்ப வருவாக' என்று கேட்கிறார்? பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண் ஏன் என் சங்கிலியைத் தொட்டு, கவரிங்கா என்று விசாரிக்கிறார்? அன்பாகக் கேட்கிறார்களா, ஆழம் பார்க்கிறார்களா? நம் ஊரில் முன்பின் தெரியாதவர் பேச்சுக் கொடுத்தால் விலகிப் போவோம். இங்கே பேச்சுக் கொடுக்காதவரைக் கண்டுதான் விலகுகிறார்கள்.

ஒரு மத்தியானம் ஜெசிந்தா அக்கா ஒயர் கூடை பின்னிக்கொண்டே, என் பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டார். அவர் கணவர் லாரி ஓட்டுகிறவர். கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார். அக்காவுக்குத் துணையாக அவருடைய தம்பி ராஜ் அந்த வீட்டிலேயே இருந்தான். ரப்பர் தோட்டத்தில் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னபிறகு நாங்கள் கம்பத்தில் குடியேறியதைச் சொன்னேன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலாயில் கம்போங் என்றால் கிராமம், நம் வாயில் அது கம்பம்.

"கம்பமா?" அக்காவின் கை நின்றது. "எங்க சித்தி மகளக்கூட கம்பத்துலதான் கட்டிக் குடுத்திருக்கு. நீங்க எந்தத் தெரு?"

"தெருப் பேரெல்லாம் கிடையாதுக்கா. ஆத்தோரமா வீடு."

"பெரியாத்து ஓரமா?"

"ஆமாக்கா, பெரிய ஆறுதான். மழைக்காலத்துல வாசல் வரைக்கும் தண்ணி வரும்."

அவர் ஒயரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அடுப்பில் ஏதோ இருந்திருக்கும் என்று நினைத்தேன். தேனிப் பக்கம் கம்பம் என்று ஒரு ஊர் இருப்பதும், அதன் பக்கத்தில் பெரியாறு என்று ஒரு ஆறு ஓடுவதும் அன்று எனக்குத் தெரியாது. மலேசியா என்று சொல்லிக்கொண்டு வந்தவள் வாய்தவறி உண்மையை உளறிவிட்டாள் என்று காம்பவுண்டே முடிவுகட்டியது. வீட்டைவிட்டு ஓடிவந்தவள், அதனால்தான் கேட்டைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது.

அந்த நாட்களில் நான் ஒரு போர்வைக்காகச் சதுரத் துண்டுகள் பின்னிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக அலசி, மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயப்போடுவேன். ஒருநாள் ஒரு துண்டைக் காணவில்லை. காற்று அடித்துப் போயிருக்கும் என்று தெருவில் தேடினேன். இரண்டாம் நாள் அது கொடியில் இருந்தது. ஆனால் கிளிப் என்னுடையது இல்லை. ஓரத்தில் ஒரு வரிசை பிரிக்கப்பட்டு, நூல் நுனி தொங்கியது. திருட்டு என்றால்கூட எனக்குப் புரிந்திருக்கும். எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டுகிறவர் யார்? எதற்கு? செந்திலிடம் சொன்னேன். "அணில் இழுத்திருக்கும், விடு" என்றார். அணில் கிளிப் மாட்டுமா என்று கேட்டேன்.

நான் விடவில்லை. அடுத்த துண்டின் மூலையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கறுப்பு நூலை முடிந்து, வழக்கம்போல மாட்டிவிட்டு, தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த நேரம். படியில் காலடிச் சத்தம். ஜெசிந்தா அக்காதான். நேராகக் கொடிக்கு வந்தார். துண்டைக் கழற்றி மோந்து பார்த்தார், வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"அக்கா, அது என்னோடது."

அவர் ஒரு கணம் மிரண்டார். பிறகு என்மேலேயே பாய்ந்தார். "நீ எதுக்கு இங்க ஒளிஞ்சுக்கிட்டு இருக்க?"

"என் சாமான் காணாமப் போவுது, அதான்."

"களவாங்கிட்டேன்னு சொல்றியா? இந்தா, உன் சாமானு!" துண்டை என் கையில் திணித்தார். "மொதத் துண்ட பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நூல் கடையில கொண்டுபோய்க் காட்டுனேன். இது எங்கிட்ட வாங்குன நூலுதாங்குறாரு கடக்காரரு. மலேசியா நூலுன்னு சொன்ன?"

நான் கொண்டுவந்த நூல் நல்ல வேலைக்கென்று பெட்டியில் இருந்தது. போர்வைக்கு இங்கே வாங்கியதைத்தான் பின்னினேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுக்கிக்கொண்டே போனார். "மலேசியான்னு சொன்ன. அப்புறம் கம்பம்னு சொன்ன. எங்க சித்தி மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பெரியாத்தோரம் அப்புடி ஒரு குடும்பமே இல்லேங்குறா. இது இன்னொரு துண்டு, இதையும் வேற கடையில காட்டலாம்னு வந்தேன். நீ யாருன்னு எனக்குத் தெரியணும்."

"நான் யாரா இருந்தா உங்களுக்கு என்னக்கா?"

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "என் தம்பி மலேசியாவுக்குப் போறான்த்தா. வார வெள்ளிக்கிழம ஏஜென்டுகிட்ட பாஸ்போர்ட்டக் குடுக்கணும். என் வளையல வித்துத்தான் அனுப்புறேன். பக்கத்து வீட்டுலயே அந்த ஊரு ஆளு இருக்கேன்னு உங்கிட்ட விசாரிக்க அம்புட்டு ஆச. ஆனா நீ பொய் சொல்றவன்னா உன் பேச்ச நம்பி நான் என்ன செய்ய?"

செல்பேசியில் பேராக் ஆற்றங்கரை வீட்டையும், பலகைச் சுவருக்கு முன்னால் நின்ற அம்மாவையும், பின்னால் ரம்புத்தான் மரத்தையும் காட்டினேன். கம்போங் என்ற சொல்லை விளக்கினேன். அவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "கிராமத்தக் கிராமம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கி மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனைத் திருப்பித் தந்தார்.

அன்று சாயங்காலமே அக்காவோடு ராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தான். கோலாலம்பூரில் கம்பெனி மேனேஜர், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், தன்னோடு நேரடியாகப் பேசுகிறார் என்று பெருமையாகச் சொன்னான். எந்த விசாவில் போகிறாய் என்று கேட்டேன். முதலில் சுற்றுலா விசாவில் போய்விட்டு, பிறகு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். அப்படி வந்து, பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கிக்கொள்ள, சாப்பாட்டுக் கடைப் பின்கட்டில் போலீசுக்குப் பயந்து பாத்திரம் கழுவியவர்களை ஈப்போவில் பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் அவர்களைப் பார்க்கும் பார்வையும் தெரியும். இந்தியாவிலிருந்து வந்த ஆளைக் கண்டால், 'ஊர்க்காரன், ஜாக்கிரதை' என்று கைப்பையை இறுக்கிக்கொள்வோம். நானும் இறுக்கியிருக்கிறேன்.

மேனேஜரை அழைக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன். சரளமான தமிழில் ராஜை 'தம்பி, தம்பி' என்றார். நான் மெதுவாக மலாயில் கேட்டேன். "என்சிக், டுடுக் டெக்காட் மானா?" ஐயா எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. அங்கே பிறந்த நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

அவர் தமிழிலேயே திருப்பிக் கேட்டார். "ஹலோ? யாரும்மா பேசுறது?"

மறுபடி மலாயில், கோலாலம்பூரில் எந்த இடம் என்று கேட்டேன்.

"தம்பி, இங்க சிக்னல் சரியில்ல" என்றார் அவர். இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை.

ஜெசிந்தா அக்கா தன் கையிலிருந்த வளையல்களை மெல்ல முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டார். ராஜ் என்னை முறைத்தான். "சிக்னல் இல்லேன்னா மனுசன் என்ன பண்ணுவான்? வேணும்னே புரியாத பாசையில பேசி வெரட்டிவிட்டீங்க. உங்க ஊருக்கு நாங்க வந்து பொழைக்கக் கூடாது, அதான?"

"ஏலே, வாய மூடு" என்றார் அக்கா.

"நீ சும்மா இருக்கா. நேத்து வரைக்கும் இவுகளக் கம்பத்துக்காரின்ன. இன்னைக்கு இவுக சொல்றது வேதமாக்கும்?"

வளையலை அக்கா விற்கவில்லை. வெள்ளிக்கிழமை கடந்தது. ராஜ் சில நாள் வீட்டில் சாப்பிடாமல் இருந்துவிட்டு, பிறகு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு மண்டிக்கு வேலைக்குப் போனான். அதே ஏஜென்ட் மூலமாக, நத்தத்தில் இருக்கும் அவனுடைய நண்பன் ஒருவன் கிளம்பிப் போனான். உயரமான இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்பினான். ராஜ் அதை அக்காவிடம் காட்டி, எனக்குக் கேட்கும்படி உரக்கப் பேசினான். அந்தப் படத்துக்குப் பிறகு அந்த நண்பனின் போன் அணைந்தே கிடக்கிறது. ராஜ் படத்தைச் சாட்சி என்கிறான். நான் அணைந்த போனைச் சாட்சி என்கிறேன். ஆனால் மத்தியானங்களில் பின்னிக்கொண்டிருக்கும்போது என் சந்தேகம் என்மீதே திரும்பும். உண்மையிலேயே சிக்னல் இல்லாமல் இருந்திருந்தால்? அந்தப் பையனை நான் காப்பாற்றினேனா, அல்லது கைப்பையை இறுக்கிக்கொள்ளும் என் பழைய பழக்கத்தில் அவன் வழியை அடைத்துவிட்டேனா? இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. ராஜ் என்னோடு பேசுவதில்லை. படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறான்.

ஜெசிந்தா அக்கா பேசுகிறார். ஒயர் கூடையில் சிவன் கண் முடிச்சுப் போடுவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தார். நான் அவருக்குக் குரோஷா ஊசி பிடிக்கக் காட்டினேன். என் பின்னலைக் கண்ணிமைக்காமல் பார்ப்பார். கற்றுக்கொள்கிறாரா, இன்னும் சோதிக்கிறாரா என்று நானும் கண்ணிமைக்காமல் அவரைப் பார்ப்பேன்.

போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, ஒன்றுபோலவே இரண்டு பைகள் செய்தோம். அடிப்பாகம் அவருடைய ஒயர், மேல்பாகம் என் நூல். ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினேன். இன்னொன்றை அக்கா வைத்துக்கொண்டார். நேற்று நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டார். "கோயில்ல எல்லாரும் பையைப் பார்த்துட்டு, ஊர்ச் சாமானான்னு கேட்டாங்கமா. ஆமா, ஊர்லேர்ந்து மக அனுப்புனான்னு சொன்னேன்." ஊர் என்றால் அங்கே நமக்கு இந்தியா. அம்மாவுக்கு நான் பதில் சொல்வதற்குள் கீழே அக்காவின் குரல் கேட்டது. கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் தன் பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "இது மலேசியாச் சாமான், தெரியும்ல?" அந்தப் பெண் நம்பவில்லை போலிருக்கிறது. பையை வாங்கி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, எந்த நாட்டில் செய்தது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தையல் தையலாகத் தேடினார். அம்மா போனில் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.