பாட்டு முடியும்வரை டயரைச் சுற்றியவர்

வியாழக்கிழமை காலை மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது மேசை மேலிருந்த போன் அதிர்ந்தது. வகுப்பில் போன் எடுப்பதில்லை என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். மூன்றாம் முறையும் அதிர்ந்ததால் எடுத்தேன். கூடலூர் ஜீப் ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர் பேசினார்.

"டீச்சர், நம்ம செல்லப்பாண்டி அண்ணன் போயிட்டாக. விடியக்காலம் அஞ்சு மணிக்கு. மதுரை ஆஸ்பத்திரியில இருந்து ஊருக்குக் கொண்டு வந்துக்கிட்டிருக்காக."

பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தாங்களாகவே சொல்லிக்கொண்டு போனார்கள். நான் "சரி" என்றேன். ஒன்றரை வருடமாக அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தவள் நான். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

செல்லப்பாண்டி அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடலூரிலிருந்து குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அவருடையது. தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மலை மேலே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு முன்சீட்டு. ஒன்பது வருடம் அந்த வண்டியில் போய் வந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, காதோரம் நரை, வெற்றிலை பாக்கு கிடையாது, பீடி கிடையாது. பாட்டு ஒன்றுதான் அவருக்கு இருந்த பழக்கம்.

அவர் வண்டியில் பாட்டுக்கு முறை உண்டு. வண்டியில் ஏறிய வரிசைப்படி ஆளுக்கு ஒரு பாட்டு. கேட்ட பாட்டு பென் டிரைவில் இல்லையென்றால் மறுநாளைக்குள் செல்போன் கடையில் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஒருவர் பாட்டு ஓடும்போது இன்னொருவர் மாற்றச் சொல்லக் கூடாது. அவரும் மாற்ற மாட்டார். "வயலுக்குத் தண்ணி பாயுறப்ப அடுத்தவுக முறையில போயி மடையை அடைப்பமா? அது மாதிரித்தேன் இதுவும்" என்பார். அவர் அப்பா காலத்தில் அவர்களுக்கும் கொஞ்சம் நஞ்சை இருந்ததாம்.

நான் போன முதல் வாரத்திலேயே எனக்கு முறை வந்தது. எனக்கு உயிரான ஒரு பாட்டைக் கேட்டேன். எந்தப் பாட்டு என்று இங்கே எழுதப் போவதில்லை, படிக்கிறவர்களில் யாருக்காவது அது பிடித்த பாட்டாக இருக்கும். பிரிந்து போனவனை நினைத்து ஒரு பெண் பாடுவது, கடைசிச் சரணத்தில் அவள் விசும்புவாள், அவ்வளவு போதும். அந்தப் பாடகி என்றால் அண்ணனுக்கும் உயிர். அவர் வண்டியில் பாதிப் பாட்டு அந்த அம்மாவுடையதுதான்.

பாட்டைப் போட்டார். மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஓரம் கிடைத்ததும் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். முன் டயரை ஒரு உதை, பின் டயரை ஒரு உதை, அந்தப் பக்கம் போய் இரண்டு உதை. மறுபடியும் முதலிலிருந்து ஒரு சுற்று. பின்னாலிருந்த பெண்கள் ஒன்றுமே நடக்காததுபோல வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஏறி, "போலாமா டீச்சர்?" என்றார்.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தேன் இருக்கு. பாட்டுலதேன் ரிப்பேரு."

பின்சீட்டிலிருந்து ஒச்சம்மாள் அக்கா சிரித்தார். "ஒங்களுக்கு முந்தி ஒருத்தி இதே பாட்டைக் கேட்டா டீச்சர். அப்பவும் இப்படித்தேன் எறங்கி நின்னாக. எங்களுக்கு நல்லதாப் போச்சு, ஆற அமர வெத்தல போட்டுக்கிருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. நானும் விடுகிற ஆள் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அதே பாட்டைக் கேட்டேன். அவரும் வாரத்தில் இரண்டு நாள் இறங்கி டயரைச் சுற்றினார். வளைவில் பாட்டு ஆரம்பித்துவிட்டால் ஓரம் கிடைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். மழையென்றால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்குவார். ஒரு நாளும் "வேற பாட்டுக் கேளுங்க டீச்சர்" என்று சொன்னதில்லை.

அந்தப் பாட்டில் அப்படி என்னதான் குறை என்று ஒரு நாள் கேட்டேன்.

"அந்த அம்மா குரலுக்கு நான் அடிமை டீச்சர். ஆனா இதுல அழுகுறாகள்ல, அது பொய்யி. அழுகுறவளுக்கு மூச்சு இப்படித் தாளத்துக்கு அளந்து வராது. எத்தனை எழவு வீட்டுக்கு ஆளு ஏத்திப் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அந்த அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும். இல்ல, யாரும் அவசரப்படுத்தியிருப்பாக."

"அப்படின்னா பேசாம உக்காந்து கேக்க வேண்டியதுதானே?"

"நமக்கு வேண்டியவுக தடுமாறுறப்ப மொகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது டீச்சர். நாமதேன் எந்திரிச்சுப் போயிறணும்."

இதை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டேன். எனக்கே அது பொருந்தும் நாள் வருமென்று நினைக்கவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு நாள், பள்ளியில் ஏதோ மனத்தாங்கல், அந்தக் கோபத்தோடு வண்டி ஏறினேன். என் முறை வந்தது, பாட்டு ஆரம்பித்தது, அவர் கதவைத் திறந்தார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! அத்தனை பெண்களும் கேட்கும்படி, "ஜீப் ஓட்டுற உங்களுக்குப் பாட்டைப் பத்தி என்னண்ணே தெரியும்? பெரிய சங்கீத வித்வான் மாதிரி!" என்று கத்திவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கினார். டயரைச் சுற்றினார். பாட்டு முடிந்ததும் ஏறி, "போலாமா டீச்சர்?" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மறுநாள் என் முறை வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. அவராகவே அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு இறங்கினார்.

என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே என்ற ஒரு சொல்லைச் சொல்ல எத்தனையோ காலைகள் இருந்தன. பின்னால் ஆட்கள் இருக்கிறார்களே என்று ஒரு நாள், அவரே மறந்திருப்பார் என்று ஒரு நாள். இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தியபோது வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்துத் தெருதான். வீம்பு. வேறென்ன சொல்ல? அவர் மதுரைக்குப் போகும்வரை போகவே இல்லை.

வியாழக்கிழமை மதியம் போனேன். பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதே வெள்ளைச் சட்டை. கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. ஜீப் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றது. அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

மைக் செட்காரர் அவருடைய சிநேகிதர். அண்ணனுக்குப் பிடித்த பாட்டாகவே போடுவோம் என்று ஜீப்பிலிருந்த பென் டிரைவை எடுத்து மாட்டிவிட்டார். அதில்தான் தப்புப் பண்ணினார். அதிலிருந்தது அண்ணனுடைய பாட்டு மட்டுமா? எங்கள் எல்லோருடைய பாட்டும் அல்லவா இருந்தது! ஒவ்வொன்றாக ஓட ஓட, தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக உடைந்தார்கள். ஒச்சம்மாள் அக்கா தன் பாட்டு வந்ததும், "எம் முறைய மறக்கலயேண்ணே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

நான் பயந்ததும் வந்தது. அந்தப் பாட்டின் முதல் வயலின் கேட்டதுமே எழுந்து மைக் செட்டுப் பக்கம் ஓடினேன். சாவிலாவது அவர் இதைக் கேட்க வேண்டாமே என்று இருந்தது. பேச்சியம்மாள் அக்கா கையை நீட்டித் தடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நிறுத்தாதீக டீச்சர். யாரு பாட்டையும் பாதியில அடைச்சதில்ல அவுக." பிறகு பெட்டியின் மேல் குனிந்தார். "இந்தப் பாட்டு வந்தா ஒரு எடத்துல உக்கார மாட்டாகளே. எந்திரிச்சுப் போவாகளே. போகட்டும். எந்திரிச்சுப் போகட்டும், பாப்போம்."

பெட்டிக் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது, பிறகு மூன்று மூச்சு சேர்ந்து வந்தது, இடையில் சத்தமே இல்லாமல் வாய் மட்டும் திறந்திருந்தது. மேலே குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாடகி தாளம் தப்பாமல், அழகாக, அளந்து அழுதுகொண்டிருந்தார்.

அண்ணன் சொன்னது நிஜம். அது பொய்யழுகைதான். ஜீப் ஓட்டியவருக்குத் தெரிந்தது, இத்தனை வருடம் அதை உருகி உருகிக் கேட்ட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டோடு இன்னொரு நொடி அங்கே உட்கார என்னால் முடியவில்லை. எழுந்தேன்.

வேப்பமரத்தடிக்குப் போய் ஜீப்பின் முன் டயரை உதைத்தேன். பின் டயரை உதைத்தேன். அந்தப் பக்கம் போய் இரண்டையும் உதைத்தேன். கண் தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சுற்றினேன். தப்புப் பண்ணிட்டேன் அண்ணே, மன்னிச்சிருங்க, தப்புப் பண்ணிட்டேன் என்று ஒவ்வொரு டயரிடமும் சொன்னேன். ஜனம் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்.

பாட்டு முடிந்தது. டிரைவர் சீட்டுப் பக்கம் திரும்பினேன், "போலாமா டீச்சர்?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பிறகு நானே சொன்னேன்.

"போயிட்டு வாங்கண்ணே."