எனக்காக நின்ற கோச்சி

எழுபதுகளின் கடைசியில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. தோட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன ரயில் நிலையம். வெள்ளைக்காரர்கள் தேயிலைப் பெட்டி ஏற்றுவதற்காகக் கட்டியதாம். எங்கள் காலத்திலும் பெட்டிகள் ஏறின, அரிசி மூட்டையும் மாவு மூட்டையும் இறங்கின. குடியுரிமை ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறப் போன சொந்தங்களைக் கட்டிப்பிடித்து அழுது அனுப்பியதும் அங்கேதான். அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயரே ஒப்பாரிக் கோச்சி. கொழும்புக்குப் போகும் வேகக் கோச்சி மட்டும் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காது. ஊதிக்கொண்டே கடந்து போய்விடும்.

அன்று ஆடி மழை கொட்டியது. எனக்குத் தலைப்பிரசவம். விடியும்போதே வலி கண்டுவிட்டது. தோட்டத்து மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தார், முகமே மாறிப்போனது.

"புள்ள குறுக்கால கெடக்குதுங்க. நாவலப்பிட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகலன்னா ரெண்டு உசுரும் தங்காது" என்று அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

ரோட்டில் மண் சரிந்து லொறி போக வழியில்லை. என்னைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியை மூங்கிலில் கட்டி, வேலைக்குப் புறப்பட்டு நின்ற ஆம்பிளைகள் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு இறங்கினார்கள். எங்கள் பக்கத்து ஆம்புலன்ஸ் அதுதான்.

நிற்கிற கோச்சி அந்திக்குத்தான். வேகக் கோச்சியோ முந்தின ஸ்டேசனை விட்டுக் கிளம்பிவிட்டது. என் வீட்டுக்காரர், வாயைத் திறக்க நாள் பார்க்கிற மனுசர், ஸ்டேசன் மாஸ்டரின் முன்னால் கைகூப்பிக்கொண்டு, "ஐயா, எப்படியாச்சும் நிப்பாட்டுங்க" என்று கதறினார்.

மாஸ்டர் சிங்களவர். கம்பளிக்குள் குனிந்து என்னைப் பார்த்தார். "பய வென்ன எப்பா நங்கி. பயம் வேணாம் தங்கச்சி, கோச்சி நிக்கும்" என்றார்.

அது ஒற்றைத் தண்டவாளப் பாதை. அடுத்த ஸ்டேசன் வரை வழி காலி என்பதற்கு அத்தாட்சியாக மாஸ்டர் ஒரு பெரிய வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். ஓடுகிற இன்ஜினிலிருந்தே கையை விட்டு அதை வாங்கிக்கொள்வார்கள். அந்த வளையம் கைக்கு வராமல் எந்தக் கொம்பனாலும் மேலே போக முடியாது.

மலையே அதிர கோச்சி வந்தது. இன்ஜினிலிருந்து ஒரு கை நீண்டது. மாஸ்டர் வளையத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

பிரேக் கிரீச்சிட்டது. அத்தனை பெட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றுவிட்டன. வலியைக்கூட ஒரு நொடி மறந்து வாய் பிளந்து பார்த்தேன். தோட்டத்துத் துரையின் கார் வந்தால் ரோட்டைவிட்டு ஓரத்துத் தண்ணிக் கானுக்குள் இறங்கி நின்றே பழகிய சனம் நாங்கள். எங்களில் ஒருத்திக்காகக் கொழும்புக் கோச்சி நிற்கிறது!

கார்ட் கொடியோடு கத்திக்கொண்டே ஓடி வந்தார். மாஸ்டர் என்னைக் கைகாட்டினார். அடுத்த நிமிடம் என் தலைமாட்டில் மூங்கிலைப் பிடித்தவரே அந்தக் கார்டுதான். பெண்கள் எழுந்து முழு இருக்கையையும் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு முஸ்லிம் அம்மா தன் மடியில் என் தலையை வைத்துக்கொண்டார். நான் ஏறிய பிறகுதான் மாஸ்டர் நடந்துபோய் வளையத்தைக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து மகளை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தங்கின.

பிள்ளையைக் காட்டுவதற்காக ஸ்டேசனுக்குப் போனபோது மாஸ்டர் மாற்றலாகிப் போயிருந்தார். கோச்சியை நிறுத்தியதற்கு அவருக்கு என்ன கிடைத்தது, திட்டா, தண்டனையா, இன்றுவரை தெரியாது. இப்போதும் எங்கே ரயிலைக் கண்டாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கூலிக்காரி ஒருத்தியின் உயிரும் ஒரு கோச்சியை நிறுத்துகிற அளவுக்குப் பெரியதுதான் என்று எனக்கே தெரியவைத்தவர், பேர் தெரியாத அந்த மனிதர்தான்.