மூன்றாவது முறை விட்ட சலைன்

ரேடியாலஜி முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எனக்கு வேலூரில் குழந்தைகள் பிரிவில் போஸ்டிங். குடல் செருகலை ஆபரேஷன் இல்லாமல் சரிசெய்யும் முறையை அதுவரை ரப்பர் மாடலில் நான்கு முறை செய்திருந்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆம்பூரிலிருந்து ஒன்றரை வயது யாழினியைக் கொண்டுவந்தார்கள். வலி வரும்போதெல்லாம் முழங்காலை மடக்கி வீறிட்டாள். ஸ்கேனில் குடல் வளையத்துக்குள் வளையமாகத் தெரிந்தது. புரொஃபசர் பார்த்துவிட்டு, "நீயே பண்ணு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். மூன்று முறை முயலலாம். முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும். தியேட்டருக்குச் சொல்லியாயிற்று.

கையெழுத்து வாங்கும்போது அவள் அம்மா சுமதிக்குப் படம் வரைந்து காட்டினேன். குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் மாட்டியிருக்கிறது, ஆசனவாய் வழியாக ட்யூப் போட்டு, வெதுவெதுப்பான சலைன் விட்டுத் தள்ளுவோம் என்றேன். அவர் லெதர் கிளவுஸ் ஃபேக்டரியில் வேலை செய்பவர். உடனே புரிந்துவிட்டது.

"கிளவுஸ் விரல் உள்ள மாட்டிக்கிற மாதிரிதானே? அவசரப்பட்டு தள்ளுனா கிழிஞ்சிடும் டாக்டரம்மா. நிதானமா பண்ணுங்க."

சலைன் பையை மேஜைக்கு மூன்றடி உயரத்தில் தொங்கவிட்டோம். முதல் முறை மூன்று நிமிடத்தில், ஸ்கேனில் கட்டி போலத் தெரிந்த செருகல் வலது பக்கம் வரை நகர்ந்து நின்றது. இரண்டாவது முறை அசையவே இல்லை. பையை இன்னும் உயரத் தூக்கினால் என்ன என்று என் கை ஸ்டாண்டுக்குப் போனது. அழுத்தம் கூடினால் குடல் ஓட்டையாகிவிடும் என்று படித்தவள் நான். ஆனால் கையைத் திரும்ப இழுத்தது படிப்பல்ல, சுமதியின் பேச்சு. சற்று நேரம் குழந்தையை ஓயவிட்டோம்.

மூன்றாவது முறை. கட்டி சுருங்கியது. திடீரென்று ஸ்கிரீனில் சலைன் சிறுகுடலுக்குள் பொங்கிப் பாய்ந்தது. நம்ப முடியாமல் நின்றேன்.

"இன்னா பாக்குற? சரியாயிடுச்சு. அவங்க அம்மாகிட்ட போய் நீயே சொல்லு" என்றார் புரொஃபசர். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். மேஜையிலிருந்து வழிந்த சலைன் என் ஷூவுக்குள் சளசளத்தது. அப்படியே ஓடினேன்.

எவ்வளவு அழுத்தலாம் என்பதைப் புத்தகம் சொல்லும். எங்கே நிறுத்துவது என்பதைக் கைதான் கற்க வேண்டும். அன்று என் கை அதைக் கற்றது.

மறுநாள் வார்டில் யாழினி இட்லி தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு, ஊரே கேட்க அழுதாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.