மூன்றாம் நம்பர் மிஷினில் சந்தனம்

1. சேர்ந்த நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டேன். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க மாட்டேன். படைத்த பொரியைத் தொட மாட்டேன். சொன்னதோடு விட்டேனா? வேதப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளையும் எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். மத உரிமை பற்றிய அரசியல் சட்டப் பிரிவைத் தமிழில் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தெற்கேயிருந்து வந்தவன். பனியன் கம்பெனியை உள்ளே போய்ப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் உரிமை மட்டும் மனப்பாடம்.

முதலாளி கவுண்டர் அந்தத் தாளை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க? சாமி உங்க இஷ்டமுங்க. மிஷின் ஓடோணும். அது ஓடுனா எனக்கு வேறொண்ணும் வேண்டாமுங்க."

சொன்னபடியே நடந்துகொண்டார். பனியன் துணி பின்னும் நான்கு நிட்டிங் மிஷின்கள் என் பொறுப்பு. பூஜைக்கு முந்தின நாள் நான்கையும் துடைத்து, எண்ணெய் விட்டு, பளிச்சென்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். மற்ற மிஷின்களுக்கு மாலை, பொட்டு எல்லாம் இருக்கும். என்னுடைய நான்கும் மொட்டையாக நிற்கும். யாராவது கேலி பேசினால் முதலாளியே அதட்டுவார்.

நான் ஃபிட்டர். மிஷினில் கோளாறு என்றால் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டேன். ஓட்டுகிறவனைக் கூப்பிட்டு, என்ன சத்தம் வந்தது, எப்போதிலிருந்து, அதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று கேட்பேன். கேட்காமல் கழற்றுகிறவன் ஃபிட்டரே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

2. ரூத்

என் மிஷின்களுக்குப் பக்கத்தில் கோன் வைண்டிங்கில் ஒரு பெண் இருந்தாள். நூலைக் கோனில் சுற்றும் வேலை. பெயர் ரங்காத்தாள், சேவூர்க்காரி, புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. எங்கள் சபைக்கு வந்து ஞானஸ்நானம் வாங்கி ரூத் ஆனாள். அன்றோடு அவள் அண்ணன் ஊட்டுப் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் எல்லாரும் அவளை ரங்காத்தா என்றே கூப்பிடுவார்கள். நான் ஒருவன் மட்டும் ரூத் என்பேன். யாராவது பழைய பெயரைச் சொன்னால் திருத்துவேன். அவள் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் வருவாள்.

அந்த நாட்களில் எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் அரசியல் பேச்சுதான். மதம் மாறுவதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்று ஒருவர் சொல்வார். சாமியே இல்லை என்று ஊருக்கு ஊர் மேடை போடுகிறார்களே என்று இன்னொருவர் வருத்தப்படுவார். எலெக்ஷன் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் வாசலில் வந்து கும்பிடு போடுவார்கள். நான் சபைக் கமிட்டியின் காரியதரிசி. உலகம் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று இருபத்து நாலு மணி நேரமும் காவல் நிற்கிறவன் போல நடந்துகொண்டேன்.

3. விரல்

நான் சேர்ந்து எட்டு வருஷம் இருக்கும். மூன்றாம் நம்பர் மிஷினில் கருப்புசாமி என்கிற ஆபரேட்டர் கியர் மூடியைக் கழற்றிவிட்டு, ஓடும்போதே எண்ணெய் விட்டான். வலது கை ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது. தப்பு அவனுடையதுதான். அவனே ஒத்துக்கொண்டான். ஆனால் மற்றவர்கள் வாயை யார் மூடுவது?

"பொட்டு வெக்காத மிஷினுங்க. காவு கேக்காம உடுமுங்களா?" என்று மேஸ்திரி பழனிச்சாமி என் காதுபடவே சொன்னார்.

அந்த வருஷமும் பூஜைக்கு முந்தின நாள் மிஷின்களைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பூஜை முடிந்து, விஜயதசமியன்று மிஷின்களை ஓட்டித் தொடங்குவார்கள். அதற்கும் நான் போவதில்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்தால் மூன்றாம் நம்பர் மிஷினில் சந்தனம் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மண்ணெண்ணெயில் வேஸ்ட் துணியை நனைத்து, எல்லாரும் பார்க்கத் துடைத்தேன். யார் வைத்தது என்று கத்தினேன். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார். வைண்டிங்கிலிருந்து ரூத் எழுந்து வந்தாள்.

"நாந்தானுங்கண்ணா வெச்சேன்."

"நீயா?"

"ஆமாங்க. வெச்சுட்டனுங்க. உடுங்க."

வேறு யாராவது வைத்திருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஞானஸ்நானத்தில் முழுகி எழுந்த ஒருத்தி இப்படிச் செய்துவிட்டாளே என்றுதான் எனக்கு ஆத்திரம். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கமிட்டியில் சொல்லிவிட்டேன்.

4. கமிட்டி

போதகர் நல்ல மனிதர். விக்கிரகத்துக்குப் பூஜை செய்தேன், தப்பு என்று சபைக்கு முன்னால் சொல்லிவிடு, முடிந்துபோகும் என்றார்.

"பூசை பண்ணலீங்கய்யா. சந்தனம் வெச்சேன், அம்புட்டுத்தானுங்க. பண்ணாததைப் பண்ணுனேன்னு பொய் சொல்லலாமுங்களா?" என்றாள்.

"அப்படியானால் எதற்கு வைத்தாய்?" என்றார் போதகர்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. பயம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை, மனந்திரும்பும்வரை திருவிருந்து கிடையாது என்று தீர்மானம் போட்டோம். மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியது நான். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

அதற்கப்புறமும் ரூத் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள். அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கம்பெனியில் எனக்கு வழக்கம்போல் வணக்கம் சொல்வாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் போவேன்.

5. காட்டு மூலை

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாள். திருவிருந்து நிறுத்தப்பட்டவர்களுக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, ஜெபமும் கிடையாது என்பது எங்கள் சபை விதி. போதகர் தயங்கினார். கமிட்டி தயங்கவில்லை. சேவூருக்கு ஆள் அனுப்பினோம். "வேதத்துக்குப் போனவள வேதக்காரங்களே பொதைக்கட்டுமுங்க" என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார்.

காலையிலிருந்து பிணம் அவள் குடியிருந்த ஒற்றை அறையில் கிடந்தது. மத்தியானம் முதலாளி கம்பெனியை நிறுத்திவிட்டு வந்தார். பெருமாநல்லூர்ப் பக்கம் அவருக்குக் காடு, அதாவது விளைநிலம் இருந்தது. அதில் வேலியோரமாக ஒரு மூலையைக் காட்டினார். கருப்புசாமியும் மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள்.

குழியில் இறக்கியதும் முதலாளி என்னிடம் வந்தார். என் கையில் வேதப்புத்தகம் இருந்தது.

"ஏனுங்க ஃபிட்டர், உங்க முறைப்படி நாலு வார்த்தை சொல்லீருங்க. எங்களுக்குத் தெரியாதுங்க."

"சபை அனுமதி இல்லீங்கய்யா" என்றேன்.

முதலாளி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் கை மண்ணை அவரே போட்டார்.

திரும்பி நடக்கும்போதுதான் சொன்னார்.

"அவ ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாளுங்க. இனி சொன்னாத்தான் என்ன? அந்த வெசயதசமியன்னிக்கு, பொட்டு வெச்சாத்தான் மூணாம் நம்பரைத் தொடுவோம், இல்லீன்னா ஃபிட்டரை மாத்துங்கன்னு அத்தனை பேரும் வெளிய நின்னுட்டாங்க. உங்களைக் கூப்புட ஆள் அனுப்பப் போனேன். ரங்காத்தாதான் தடுத்தா. 'அண்ணனைக் கூப்புடாதீங்க, அவரு வெக்க மாட்டாரு, வேலையத்தான் உடுவாரு, அவருக்கு மூணு பொட்டப்புள்ளைங்க இருக்குது'ன்னா. அவளே போயிச் சந்தனத்தை எடுத்து வெச்சா. எல்லாரும் உள்ள வந்துட்டாங்க."

நான் நின்றுவிட்டேன்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா, தன்னால ஒருத்தி தப்புப் பண்ணீட்டான்னு வேலைய உட்டுட்டுப் போயிருவாருன்னுதானுங்க சொல்ல வேண்டாம்னா" என்றார்.

குழி அதற்குள் மூடியாகிவிட்டது. திரும்பிப் போய் மண்மேட்டருகே நின்று ஜெபம் பண்ண வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

6. கடைசியாக

அடுத்த கமிட்டியில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்மானத்தை அடித்துவிடச் சொன்னேன். செத்தவர்களை மறுபடி சேர்க்க விதியில்லை என்றார்கள். காரியதரிசி வேலையை விட்டேன். மினிட்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கம் இன்னும் என் அழகான கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.

இதைப் படிக்கிற இளைஞர்கள் நான் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இன்றுவரை பொரி தின்றதில்லை. அவள் சந்தனம் வைத்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் முதலாளியிடம் தாள் நீட்டிக் கேட்டு வாங்கிய உரிமையில் ஒரு துளியைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. இரும்பு மிஷினுக்கு என்ன ஆச்சு என்று ஆளைக் கூப்பிட்டுக் கேட்டவன், அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கற்றது அதுதான், கற்றும் அவளுக்குப் பிரயோஜனமில்லை.

அதற்குப் பின் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு விஜயதசமிக்கு மறுநாளும் மூன்றாம் நம்பர் மிஷினில் சந்தனம் இருக்கும். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. துடைக்கவும் இல்லை. எண்ணெய் பட்டு அது தானாக உதிரும்வரை அந்த இடத்தைத் தொடாமல் வேலை பார்த்தேன்.