பரீதா காத்திருக்கவில்லை

பிணம் ஏற்ற வந்த மலர்ச்சாலை வேன் ஒன்றை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

எங்களுக்கு உண்டு. போன கிழமைதான் நடந்தது. பட்டப்பகலில், வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற எங்கள் லேனில். அந்த வேனைக் கூப்பிட்டவர் வேறு யாருமில்லை... எங்கட வீட்டுக்காரர்தான்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். பிறகு முழுக்கதையையும் சொல்கிறேன்.

எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் கீழே ஹனிபா நானா இருந்தார். காலி வீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். முழங்கால் இடம் கொடுக்காமல் போனதும் கடையைத் தம்பி மவ்ஜூதிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். மனைவி பரீதா. ஒரே மகன் இர்ஷாத், கத்தாரில் வேலை. நோன்பு காலத்தில் அங்கேயிருந்து கஞ்சி மேலே வரும். தைப்பொங்கலுக்கு எங்கள் சர்க்கரைப் பொங்கல் கீழே போகும். இதற்கு மேல் ஒட்டி உறவாடினோம் என்று பொய் சொல்ல மாட்டேன். கொழும்பு ஃபிளாட் வாழ்க்கையில் இதுவே பெரிய விஷயம்.

அன்றைக்கு விடியற்காலை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் பரீதா நிற்கிறாள்.

"அக்கா, இவங்க மவ்த்தாகிட்டாங்க" என்றாள்.

மவ்த் என்றால் மரணம். சுபஹுத் தொழுகையை முடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம். அதை அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால், தாங்கியில் தண்ணி ஏறவில்லை என்று சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது. அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது — இதென்ன கல்நெஞ்சு என்று. பிறகு கையைப் பிடித்தேன். விரல்கள் ஐஸ் மாதிரிக் குளிர்ந்துபோயிருந்தன. வாய்தான் பேசியிருக்கிறது, உடம்பு அதற்குச் சம்மதிக்கவில்லை.

என்னைப் பற்றிக் கிழமைக்குக் கிழமை இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் வரும்வரை பட்டனை விடாமல் அமத்துகிற சாதி நான். எங்கட வீட்டுக்காரர் அதற்கு மேல். அவர் வங்கியிலிருந்து ரிட்டயர் ஆனதும் எடுத்த உத்தியோகம் செத்தவீடு நடத்துவது. லேனில் யார் போனாலும் ஐயரைப் பிடிப்பது, பேப்பருக்கு அறிவித்தல் கொடுப்பது, கனத்தை மயானத்தில் நேரம் எடுப்பது எல்லாம் இவர்தான். செத்தவீடு என்றால் ஆளுக்குக் கை துறுதுறுக்கும். பத்து வயது குறைந்த மாதிரி நடப்பார்.

அப்படிப்பட்ட ஆள் அன்றைக்குக் கீழே போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றார். ஏனென்றால் அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள் மவ்ஜூத் பள்ளிவாசலுக்குச் சொல்லி, மையவாடியில் குழி வெட்ட ஆள் அனுப்பி, உடம்பைச் சுற்றுகிற கபன் துணியும் வாங்கிவிட்டார். மூச்சு நின்ற அன்றைக்கே அடக்கம். அதுதான் அவர்கள் முறை.

எங்கள் முறை உங்களுக்குத் தெரியாததா? கொட்டாஞ்சேனையில் என் பெரியப்பா மகன் ஒருவர் போனபோது அவருடைய பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருந்தார்கள். ஒருவனுக்கு விசா சிக்கல், ஒருத்திக்கு டிக்கெட் சிக்கல். ஒரு கிழமைக்கு மேல் மனிசனை மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். முதல் நாள் வந்த மலர்வளையங்கள் வாடிப்போய்க் குப்பைக்குப் போயின. நாங்கள் முறைபோட்டுப் பக்கத்தில் இருந்து பிளேன்ரீ குடித்தோம். கடைசியில் எல்லோரும் வந்து சேர்ந்தபோது ஊரே சொன்னது — "பாருங்கோ, பிள்ளையளுக்காக எவ்வளவு பொறுமையா வைச்சிருந்தவை."

அந்தப் பொறுமைதான் எனக்குத் தெரிந்த பொறுமை.

சரி, கீழ் வீட்டுக்கு வருவோம். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இர்ஷாத் காலை ஃபிளைட்டைப் பிடித்து மாலைக்குள் இறங்கிவிடுவான். பொழுதுபட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு எடுப்பது என்று முடிவு. மகன் வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிடுவான். வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது ஒன்றுதான் கவலை. பெட்டைகள், பொடியன்கள், சாமான் கொண்டுவந்த ஓட்டோக்காரர்வரை "மகன் வாறாரா, மகன் வாறாரா" என்றுதான் கேட்டார்கள்.

பகலாகும்போது இர்ஷாத் ஃபோன் எடுத்தான். காலை ஃபிளைட்டில் சீட் கிடைக்கவில்லை. இரவு ஃபிளைட்தான். அப்படியென்றால் கட்டுநாயக்காவில் இறங்குவதே அடுத்தநாள் காலை.

"உம்மா, வாப்பாவ வெச்சிக்கோங்க. ஒரு ராவுதானே. நான் வந்துர்றேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அறை முழுக்கக் கேட்டது. அவன் அழுததும் சேர்ந்து. மவ்ஜூத் தரையைப் பார்த்துக்கொண்டு, "மதினி, காலைல எடுப்பமே. வெச்சா குத்தமில்ல எண்டு மௌலவியும் செல்றார். சுணங்காம எடுக்கிறது நல்லம், ஆனா நீங்க செல்றதுதான் முடிவு" என்றார்.

பரீதா கொஞ்சம் யோசிக்க விடச் சொன்னாள்.

இந்த இடைவெளியில்தான் எங்கட வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. மகன் நாளைக்குத்தான் வாறான்... உடம்பு கெடக்கூடாது... தெரிந்த மலர்ச்சாலைக்காரன் இருக்கிறான்... பரீதாவிடம் கேட்காமல், என்னிடமும் சொல்லாமல், ஒரு மூலைக்குப் போய் ஃபோனை எடுத்துவிட்டார். மதியத்து லுஹர் தொழுதுவிட்டு ஆண்கள் திரும்பி வருகிற நேரம், லேனுக்குள் கறுப்பு வேன் வந்து நிற்கிறது. உள்ளேயிருந்து வெள்ளைச் சேர்ட்டும் டையும் கட்டிய இரண்டு பேர் இறங்குகிறார்கள். வாசலில் நிற்பதெல்லாம் தொப்பி போட்டவர்கள். ட்ரைவருக்கு விளங்கிவிட்டது. வீடு மாறி வந்துவிட்டோமா என்று சிங்களத்தில் மெல்லக் கேட்டான்.

"என்னப்பா செய்தனீங்கள்?" என்றேன்.

"நல்லதுக்குத்தானே செய்தனான். எம்பாம் பண்ணினா ரெண்டு நாளைக்குப் பயமில்லை" என்றார். ஆளின் முகம் சிவந்துபோயிருந்தது.

நான் நினைத்தேன், சண்டை வரப்போகிறது என்று. வரவில்லை. மவ்ஜூத் அந்த இரண்டு பேருக்கும் சோடா கொடுத்து, வந்த செலவைத் தருகிறேன் என்றார். அவர்கள் வேண்டாமென்று மறுத்து, மரியாதையாகப் போய்விட்டார்கள். பரீதா எங்கட வீட்டுக்காரரைக் கதவடிக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க நல்ல மனசுலதான் செஞ்சீங்க அண்ணன். ஆனா ஊசி போட்டா, வெட்டினா, மையத்துக்கு நோகும்."

செத்த உடம்புக்கு நோகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் மனதுக்குள் கேட்டேன். ஆனால் உயிரோடு இருக்கிறவரைத் தொடுகிற மாதிரித்தான் தொட வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. மௌலவியிடமோ மவ்ஜூதிடமோ நான் விளக்கம் கேட்கவில்லை. அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது. ஏனென்றால் அடுத்த நிமிஷம் பரீதா மவ்ஜூதைப் பார்த்துச் சொன்னாள்.

"குளிப்பாட்டுங்க. அஸருக்கு எடுப்போம். தண்ணிய கொஞ்சம் சுட வெச்சிக்கோங்க. இவங்களுக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்கொள்றல்ல."

அவ்வளவுதான். பின்னேரத் தொழுகையோடு அடக்கம். முடிவு.

மகனுக்கு அவளே ஃபோன் எடுத்துச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அவன் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது. வாப்பாட முகத்தைக் காட்டாத உம்மா எனக்கெதுக்கு என்றான். அவள் "சரி மகன், சரி மகன்" என்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கட் பண்ணிவிட்டான். கபனை முகத்தில் மூடுவதற்கு முன்னால் மவ்ஜூத் வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்துப் பார்த்தார். ஒருமுறையல்ல, திரும்பத் திரும்ப எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டான். கோவத்துல ஈக்கான். விடுங்க" என்றாள் பரீதா.

மையத்தை வைத்துத் தூக்குகிற சந்தூக் லிஃப்டுக்குள் போகாது. படிக்கட்டால்தான் இறக்கினார்கள். ஆண்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். எங்கட வீட்டுக்காரரும் ஒரு வளைவில் தோள் கொடுத்தார். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. பரீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்கிறவரை நின்றாள். எங்கட ஆட்கள் என்றால் ஒப்பாரியில் லேனே கிடுகிடுத்திருக்கும்.

அதன் பிறகு வந்தார்கள் ஐயா, ஆறுதல் சொல்ல! தெஹிவளையிலிருந்து, கல்கிசையிலிருந்து, மருதானையிலிருந்து... வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை. "சபூர் செய்ங்க." பொறுமையாக இருங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் ஃபிளாட் வாடகை பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். மற்றவருக்குப் பொறுமை சொல்வதைப் போல லேசான வேலை உலகத்தில் உண்டா? நானும் வாழ்நாள் முழுக்க அதைச் செய்திருக்கிறேன், வங்கிக் கியூவில் நிற்கிற மற்றவர்களுக்கு.

என் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெல்லக் கேட்டேன், இந்தச் சபூர் என்றால் அழாமல் இருப்பதா என்று. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடம் படிப்பிக்கிறவர். "அழலாம். கண்ணீருக்குத் தடை இல்ல. அடி விழுந்த அந்த முதல் நேரத்தில தாங்குறதத்தான் நபியவங்க சபூர் எண்டு சொன்ன. நாள் போனா எல்லாருக்கும் ஆறும்தானே, அதுல என்ன பெரிய விஷயம்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சரிதானே? கொட்டாஞ்சேனையில் நாங்கள் நாட்கணக்கில் காத்திருந்தது உண்மையில் யாருக்காக? ஆறப்போட்டால் வலி குறையும் என்று எங்களுக்காகவும்தானே. நான் இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எங்கள் வழி எங்களுக்கு. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பது அன்பில்லாமல் வேறென்ன? ஆனால் பொறுமை என்றால் காத்துக்கொண்டு இருப்பது என்று நான் எழுதி வைத்திருந்த அர்த்தம் அன்றைக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. காத்திருப்பதற்கு ஊரே சம்மதித்தது, மௌலவி குற்றமில்லை என்றார், மகன் காலில் விழாத குறை. பரீதாவுக்கு அதுதான் சுகமான வழி. அவள் அதை எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. முறை என்பதற்காக மட்டுமா? அந்த இரவு முழுக்க எனக்கு இந்தக் கேள்விதான்.

அடுத்தநாள் காலை கீழே அடுப்பு எரியாது என்று தெரியும். இடியப்பமும் சொதியும் செய்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். நான் உள்ளே கால் வைக்கவும் இர்ஷாத் வந்து சேரவும் சரியாக இருந்தது. பெட்டியைக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தான். கண் வீங்கியிருந்தது. உம்மா வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கிட்டப் போகவில்லை. சுவரோடு நின்றான்.

"ஒரு ராவு... ஒரேயொரு ராவு பொறுக்க ஏலாமப் போச்சா உம்மா? வந்த ஆக்களெல்லாம் ஒங்கள சபூர்காரி எண்டு செல்றாங்களாம். எனக்காக ஒரு ராவு பொறுக்க ஏலல்லயே."

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். எனக்குத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடியப்பத் தட்டோடு அப்படியே நின்றேன்.

பரீதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் பொறுப்பேன் மகன். எவ்வளவு நாளெண்டாலும் பொறுப்பேன். வாப்பாதான் ரெண்டு பெருநாளைக்கு ஒன்ன எதிர்பாத்துக்கொண்டு ஈந்தாங்க. பெருநாள் தொழுதுட்டு வந்து, நீ வாற எண்டு சாப்பிடாம ஈந்தாங்க. நீ வரல்ல. மையத்தாகியும் அவங்கள காக்க வெக்க எனக்கு மனசு வரல்ல."

இர்ஷாத் சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்து, தவழ்ந்த மாதிரிப் போய் அவள் மடியில் முகத்தை வைத்தான். அப்போதுதான் பரீதா அழுதாள். வாய்விட்டு, நன்றாக அழுதாள்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு நான் மேலே வந்துவிட்டேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை, படியால் ஏறினேன். எங்களுக்கும் மெல்பேர்னில் ஒரு மகள் இருக்கிறாள். வேலை நேரத்தில் அம்மா ஃபோன் எடுத்தால் அவளுக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் நாள். ஆனாலும் எடுத்தேன்.

"என்னம்மா இந்த நேரத்தில? ஏதும் அவசரமோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.